நூற்றுப் பன்னிரண்டு திருகாணிகளும் ஒரு புற்றும்

1

நான் மலாய் நாட்டில் கெடா மாநிலத்துக்கு வந்து நாற்பத்தோரு வருடம் நிறைந்த சனிக்கிழமையன்று, காலை பத்து இருபதுக்கு, என் பேத்தியின் ஆள்காட்டி விரல் ஒரு பலகைச் சுவருக்குள் முழுதாகப் போய்விட்டது.

அவள் அழவில்லை. விரலை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"தாத்தா, சுவரு ரொட்டி மாதிரி இருக்கு. அமுக்குனா உள்ள போகுது."

"எங்கே?"

"சினி. இங்கலா." மலாயில் சினி என்றால் இங்கே.

தர்ஷினிக்கு ஆறு வயது முடிய அன்றைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள். என் மகன் முரளி லூனாஸில் குடியிருக்கிறான், குலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு, மாலை ஆறுக்கு வந்து அழைத்துப்போவான். நானும் என் மனைவி சரோஜாவும் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். நம்மூரில் நகர் என்பதை இங்கே தாமான் என்கிறார்கள். எங்கள் தாமானில் அறுபத்து நான்கு வீடுகள். எங்களுடையது மூலை வீடு, அதனால் பக்கவாட்டில் பதினெட்டடி அகலத்துக்கு மண் தரை இருக்கிறது. அந்த மண்ணில்தான், பேத்திக்கு இரண்டு வயதானபோது, நான் ஒரு விளையாட்டு வீடு கட்டினேன்.

என் சொந்த ஊரான மன்னார்குடியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். பொம்மை வீடு அல்ல, பிள்ளைகள் உள்ளே போய் உட்காரும் வீடு. நீளம் ஐந்தடி, அகலம் நான்கடி. நான் குனிந்தால்தான் உள்ளே போக முடியும். நான்கு மரக்கால்கள் மேல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. மூன்று படி, ஒரு கதவு, ஒரு ஜன்னல், தகரக் கூரை. பலகை முப்பத்தெட்டு, திருகாணி நூற்றுப் பன்னிரண்டு, கீல் இரண்டு.

கட்டுவது பெரிய காரியமில்லை. காப்பாற்றுவதுதான். இந்த ஊர் மழையில் ஒரு பலகை ஆறு மாதத்தில் நார் எழும்பிவிடும், ஜன்னல் விளிம்பைத் தேய்க்காவிட்டால் பிள்ளை கையில் சிலாம்பு ஏறும். தகரத்தின் ஓரம் வெட்டும், அதனால் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டியிருக்கிறேன். கூரை மடிப்பில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றால்கூடக் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரிகள் டார்ச்சோடு வந்து பார்ப்பார்கள். தரைக்கு அடியில் புல் வளர்ந்தால் பாம்பு. கூரைக்கு உள்ளே குளவி. கதவு இடுக்கில் விரல் நசுங்காமல் இருக்க அரை அங்குல இடைவெளி விட வேண்டும். இத்தனையையும் சனிக்கிழமைதோறும், பேத்தி காலைப் பசியாறி முடிப்பதற்குள், ஒரு நோட்டில் இருபத்து மூன்று வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வழக்கம்.

அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் இருபத்து மூன்று வரிக்கும் 'சரி' என்று எழுதியிருந்தேன்.

2

அந்த வீட்டில் தர்ஷினி என்ன விளையாடுகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் விளையாட்டு இல்லை. அது அரசாங்க அலுவலகம்.

போன வருடம் என் அடையாள அட்டை வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். நான் இங்கே குடிமகன் இல்லை, நிரந்தரவாசி. என் அட்டை சிவப்பு, என் மனைவியுடையதும் மகனுடையதும் நீலம். சரோஜா இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய மாமா மன்னார்குடிக்கு மாப்பிள்ளை தேடி வந்து என்னைக் கண்டெடுத்தார். வந்த முதல் பதினோரு வருடம் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பித்தேன், பிறகு சிவப்பு அட்டை கிடைத்தது. குடியுரிமைக்கு மூன்று முறை எழுதிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். என் பிறப்புச் சான்றிதழை மன்னார்குடி வீட்டு மரப்பெட்டியில் கரையான் தின்றுவிட்டது. என் பெயரும் அப்பா பெயரும் இருக்கின்றன, தேதி இருந்த மூலை இல்லை. பள்ளிச் சான்றிதழை வைத்து ஒப்பேற்றி வருகிறேன். கவுண்டரில் இருப்பவர்கள் மரியாதையானவர்கள். அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "துங்கு செக்கெஜாப், பக்சிக்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் பெரியவரே என்று பொருள். அன்றைக்கு இரண்டே கால் மணி நேரம் பொறுத்தோம்.

பேத்திக்கு அது திருவிழா பார்த்தது போல. மறு சனிக்கிழமை முதல் விளையாட்டு வீட்டின் ஜன்னல் கவுண்டராகிவிட்டது. நான் வெளியே நிற்க வேண்டும். படியில் அடுக்கி வைத்திருக்கும் இலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் என் எண். அவள் கூப்பிட்ட பிறகுதான் கிட்டே போகலாம்.

"நொம்போர் துஜோ. ஏழு. வாங்க."

"வணக்கம் அம்மா. என் அட்டை வேண்டும்."

"போராங் எங்க?"

போராங் என்பது படிவம். இன்னோர் இலையைக் கொடுப்பேன்.

"இதுல ஓட்ட இருக்கு. தாபோலே. முடியாது. நாளைக்கு வாங்க."

வீட்டுக்குள் சோபாவில் இருக்கும்போது அவள் என்னோடு பேசுவது சராசரியாக மணிக்கு நான்கு வாக்கியம், அதில் மூன்று ஆங்கிலம். கவுண்டரில் அவள் பேசுவதை நான் எண்ணிப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன். பாதி மலாய், பாதி தமிழ், ஆனால் எல்லாம் என்னிடம்.

விரல் சுவருக்குள் போனதும் எனக்குக் கவலை இந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்பதுதான். பலகை பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

3

பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். மேலே நான்கு பூச்சுச் சாயம், தீபாவளிக்கு ஒன்று வீதம். இங்கே தீபாவளிக்கு வீட்டுக்கு வண்ணம் அடிக்காதவர்கள் குறைவு. பெரிய வீட்டுக்கு அடித்த மிச்சத்தை நான் குட்டி வீட்டுக்கு அடித்துவிடுவேன். மஞ்சள், பச்சை, நீலம், மறுபடி மஞ்சள். அந்தச் சாயத்துக்குப் பின்னால் பலகையே இல்லை. மண்ணும் தூளும்தான். திருகாணிகள் நூற்றுப் பன்னிரண்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நான் வாராவாரம் எண்ணியது திருகாணிகளை. அவை எதில் நிற்கின்றன என்று பார்க்கவில்லை.

முப்பத்தெட்டில் பதினேழு பலகை போயிருந்தது. பின்பக்கத்துக் கால் இரண்டிலும் அடியிலிருந்து கரையானின் மண் வரி ஏறியிருந்தது. அப்படிப் போன தரைப் பலகை ஒன்றின் மேல் ஐந்து நிமிடம் முன்பு தர்ஷினி குதித்துக்கொண்டிருந்தாள். அவள் எடை பதினெட்டு கிலோ.

மண் வரியைக் கண்டதும் என் பார்வை நேரே வேலிக்குப் போனது. வேலி ஓரத்தில், விளையாட்டு வீட்டிலிருந்து ஏழடி தூரத்தில், ஒரு புற்று இருக்கிறது. பாதி எங்கள் பக்கம், பாதி அடுத்த வீட்டு லெட்சுமி பக்கம். மூன்று வருடம் முன்பு நான்கு அங்குலமாக இருந்தது இப்போது பதினான்கு. மாதாமாதம் நானே அளந்து, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முன் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து நினைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம், அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்ததுதான். லெட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை, கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. புற்று முளைத்த வாரமே அதற்கு மஞ்சள் துணி கட்டினாள். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் விளக்கு. இங்கே தோட்டங்களில் புற்றைக் கண்டால் யாரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள், எலுமிச்சம்பழம்தான் எடுப்பார்கள். புற்றைச் சுற்றியே கோயில் எழும்பிய இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு.

இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தேன். அப்போது தொடங்கி லெட்சுமி என் பெயரைச் சொல்லி ஒன்பது வெள்ளிக்கிழமை அந்தப் புற்றுக்குப் பால் வைத்தாள். இதை அவள் சொல்லவில்லை, சரோஜா சொன்னாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்பது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

4

மாலை முரளி வந்தான். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். அதில் தன் கட்டை விரலை விட்டான், அது இன்னும் பெரிதானது.

"ஒடச்சிருங்கப்பா."

"பலகையை மாத்திடலாம்டா. பதினேழு பலகைதான்."

"இன்னிக்கு வெரலு. நாளைக்குக் காலு உள்ள போச்சுன்னா? நீங்க வாராவாரம் செக் பண்ணித்தானே இப்படி ஆச்சு."

சரோஜா இடையில் புகுந்தாள்.

"ஏன்டா, அவருதான் இங்க்ளீஷ்காரன் தோட்டத்து மேனேஜர் மாதிரி நோட்டு போட்டு எழுதுறாரே. நோட்டுல எல்லாம் நல்லாதான் இருக்கு."

முரளி சிரிக்கவில்லை. "சனிக்கிழமைக்கு நீச்சல் கிளாஸ் இருக்குப்பா, குலிம்ல. இவ கூடப் படிக்கிறவங்க எல்லாம் போறாங்க. இவளும் கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சேக்கல."

கடைசியில் ஓர் உடன்பாடு. பிறந்தநாள் சனிக்கிழமைக்குள் வீடு உறுதியாக நிற்க வேண்டும், அவனே ஏறிக் குதித்துப் பார்ப்பான். இல்லையென்றால் உடைத்துவிட்டு நீச்சல் வகுப்பு. அவன் எடை எண்பத்தாறு கிலோ.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். பலகை மாற்றினால் மறுபடி தின்னும். புற்றை வைத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்ற முடியாது. லெட்சுமியிடம் கேட்டால் கூடாது என்பாள், கேட்டபிறகு செய்வது இன்னும் மோசம். ஆகவே கேட்காமல் இருப்பதே மரியாதை என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவளுடைய மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. இங்கே அந்த நேரத்துக்கு இன்னும் சரியாக விடிந்திருக்காது. கீல் துரு துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போய், மஞ்சள் துணியை ஒதுக்கிவிட்டு, புற்றின் மேல்வாயில் ஊற்றினேன். பாதிப் போத்தல். துணியை மறுபடி பழையபடி இழுத்து விட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒளிந்து மறைந்து செய்த காரியங்கள் அதிகம் இல்லை.

செவ்வாய் மாலை லெட்சுமி விளக்கு ஏற்றவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5

புதன்கிழமை பூச்சி மருந்துக்காரர் வந்தார். சேகர் என்று பெயர், கோலா கெத்தில்காரர், நாற்பது வயது இருக்கும். புற்றை ஒரு பார்வை பார்த்தார். விளையாட்டு வீட்டின் தரைப் பலகையைக் கழற்றச் சொன்னார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல பலகை ஒரு சத்தம், போன பலகை ஒரு சத்தம். நான்கு வருடத்தில் நான் ஒரு தரமும் தட்டிப் பார்த்ததில்லை.

"கரையானுக்கு அந்தப் புற்றுதானே காரணம்?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். அது வேற ஆளு, இது வேற ஆளு. புத்து கட்டுறது சருகு, காஞ்ச புல்லு இதத்தான் திங்கும். ஒங்க பலகையத் தின்னது இது." பலகைத் தூளிலிருந்து ஒரு கரையானைச் சுண்டு விரல் நகத்தில் எடுத்து என் கண்ணருகே நீட்டினார். நெற்றியில் ஒரு துளி வெள்ளை. "பாத்தீங்களா, தலையில பாலு வரும். அதுக்கு வராது."

"அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?"

"அதத்தான் தேடணும். காலு ஊன்ற இடத்த ஏன் இங்க வச்சீங்க?"

"மண் இளக்கமாக இருந்தது. நான்கு குழியும் ஒரு மணி நேரத்தில் தோண்டிவிட்டேன்."

அவர் கடப்பாரையைப் பின்பக்கக் கால் அருகில் இறக்கினார். இரண்டடி சும்மா போனது. தோண்டிப் பார்த்தபோது அடியில், ஒரு பெரிய அண்டாவின் அளவுக்கு, காப்பித்தூள் நிறத்தில் கூடு. வேர்கள் பிரிவது போல மூன்று பக்கமும் பிரிந்திருந்தது.

"பால்மரத்துக் கட்ட அங்கிள். மரம் எப்பவோ போச்சு. கட்ட இருந்த எடத்துல அதே வடிவத்துல கூடு கட்டி வச்சிருக்கு. தாமான் கட்டும்போது மேல மண்ண மூடிட்டுப் போயிட்டாங்க."

பால்மரம் என்றால் ரப்பர் மரம். இந்தத் தாமான் முன்பு ஒரு தோட்டத்தின் ஆறாம் நம்பர் காடு, அதாவது ஆறாவது மரப் பகுதி. அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக இருந்தவன் நான். ஆறாம் நம்பரில் எத்தனை மரம், நிரைக்கு நிரை எத்தனை அடி, எது பட்டுப்போனது என்று பேரேட்டில் எழுதியது என் கை. ஒரு தாளும் அளவு நாடாவும் இருந்திருந்தால் அந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று நானே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க முடியும். அதற்குப் பதிலாக மண் இளக்கமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அதன் தலைமேல் வீட்டைக் கட்டினேன்.

சேகர் கூட்டை அப்புறப்படுத்தி மருந்து வைப்பதாகச் சொன்னார். பத்து நாளைக்குப் பிள்ளை அந்தப் பக்கம் வரக்கூடாது. மரக்கால் மண்ணைத் தொடவே கூடாது, சிமெண்டுக் கட்டையில் இரும்புக் கால் நிறுத்துங்கள் என்றார். போகும்போது வேலிப் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினார்.

"அதுல யாரு எண்ண ஊத்துனது?"

நான் கழற்றிய பலகைகளை எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற சரோஜா என்னைப் பார்த்தாள். அதோடு அவளுக்கும் தெரிந்துபோயிற்று.

6

வெள்ளிக்கிழமையும் விளக்கு இல்லை. ஆறரைக்கு வேலியருகே போய் நின்றேன். லெட்சுமி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"லெட்சுமி, இன்னைக்கும் விளக்கு ஏத்தலையா?"

"இல்லண்ணே."

"செவ்வாய்க்கிழமையும் ஏத்தலை."

"நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே."

அவள் நான்கு துணி மடிக்கும் வரை நின்றேன். பிறகு சொன்னேன். "திங்கட்கிழமை காலையில நான் அதுல மண்ணெண்ணெய் ஊத்திட்டேன்."

"தெரியும்ணே."

"எப்படி?"

"எனக்கு மூக்கு இல்லையா? வேலைவிட்டு வந்து ஹெல்மட்ட கழட்டுனதும் அடுப்பு வீச்சம். துணியத் தொட்டா கையெல்லாம் எண்ண. அதான் ஏத்தல. வெளக்கு வச்சா பட்டுனு புடிச்சிக்கும். ஒங்க பேத்தி வீடு பக்கத்துலதான இருக்கு? எல்லாம் பலக, பெயிண்ட்டு."

நான் சொல்ல நினைத்துப் போன வாக்கியங்கள் ஐந்தோ ஆறோ இருந்தன. ஒன்றும் பயன்படவில்லை. கரையான் வேறு, புற்று வேறு என்பதை மட்டும் சொன்னேன், கட்டையைப் பற்றியும் சொன்னேன்.

"ஆபீஸ்ல இத்தன வருசம் இருந்துட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியல ஒங்களுக்கு. கோவம் இருக்குண்ணே. இல்லன்னு சொல்ல மாட்டேன். அக்கா மூஞ்சிக்காகப் பேசாம இருந்தேன்."

"எனக்காக நீ ஒன்பது வெள்ளிக்கிழமை—"

"அது குடுத்தது குடுத்ததுதான். அத இப்ப என்னாத்துக்கு இழுக்குறீங்க?" துணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உசுரோட இருந்தா வளரும். இல்லன்னா கரைஞ்சு போகும். நீங்கதான் அளப்பீங்கல்ல. அளந்து சொல்லுங்க. வளந்தா வெளக்கேத்துறேன்."

7

அடுத்த மூன்று வாரம் இரண்டு வேலை நடந்தது. பகலில் வீடு. முரளி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து குழியை ஆழமாக்கி, சிமெண்டு போட்டு, இரும்புக் கால் நிறுத்தினான். பதினேழு பலகையும் புதிது. இந்தத் தடவை சாயம் அடிக்கவில்லை, மரம் கண்ணுக்குத் தெரியும்படி எண்ணெய் மட்டும் பூசினோம். தீபாவளிக்கும் இப்படியே இருக்கும் என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். "ஒங்க முன்னோர் புண்ணியம், பெயிண்டு காசு மிச்சம்" என்றாள்.

காலையில் புற்று. முதல் வாரம் பதினான்கு அங்குலம். இரண்டாம் வாரம் மழையில் மேல்வாய் சரிந்து பதின்மூன்றே முக்கால். அதை லெட்சுமியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். மூன்றாம் வாரமும் அதே பதின்மூன்றே முக்கால். மன்னார்குடியில் என் அப்பா, கரையான் தின்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை வெயிலில் கவிழ்த்து மண்ணெண்ணெயால்தான் துடைத்தார். அதற்குப் பிறகு அதில் ஒன்றும் பிழைக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பிறந்தநாள் சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு அளந்தேன். பதினான்கே கால். நாடாவை நம்பாமல் மரக்கோலை வைத்து இன்னொரு தரம் அளந்தேன். மேல்வாயைச் சுற்றி அரை அங்குலத்துக்குப் புது மண், விரல் வைத்தால் ஒட்டும் ஈரத்தோடு. வேலிக்கு அப்பால் குரல் கொடுத்தேன்.

"லெட்சுமி. பதினாலே கால்."

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று சனிக்கிழமை என்பதையும் பார்க்காமல் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். எண்ணெய் வீச்சம் போய்விட்டதா என்று முதலில் குனிந்து முகர்ந்துகொண்டாள். துணி புதிது.

எட்டரைக்கு முரளி வந்து தரைப் பலகையில் ஆறு தரம் குதித்தான். வீடு அசையவில்லை. இறங்கி, வழிவிட்டு நின்றான். நீச்சல் வகுப்பு இனி புதன்கிழமையாம், அதை மருமகள் போனில் சொன்னாள்.

நோட்டில் அன்றைய பதிவு: திருகாணி, இரும்புக் காலுக்குப் போட்டதையும் சேர்த்து, நூற்று நாற்பது. பலகை முப்பத்தெட்டு, முப்பத்தெட்டும் தட்டிப் பார்த்தது. இது இருபத்து நான்காவது வரி, புதிதாகச் சேர்த்தது. புற்று பதினான்கே கால், முதன்முறையாக அதே பக்கத்தில்.

பிறகு படியிலிருந்து ஓர் இலையை எடுத்துக்கொண்டேன். ஜன்னலுக்குள் தர்ஷினி தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை.

"துங்கு செக்கெஜாப், தாத்தா" என்றாள்.

பொறுத்திருந்தேன்.